எட்டுக்கு மேல் ஒரு சுற்று

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அடித்த கோடு உங்களுக்கே தெரியும். புதுத் தாள் எடுத்திருக்கலாம். ஆனால் எழுத நினைத்ததும் பிறகு வேண்டாம் என்று முடிவு செய்ததும் ரெண்டுமே உங்களுக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டேன்.

எழுதச் சொன்னது அண்ணன். “நீங்க ரெண்டு பேரும் போன்ல ஒரே நேரத்துல பேசுறீங்க, ஒரே நேரத்துல வைக்கிறீங்க. நடுவுல என் காதுதான் புண்ணாகுது. எழுதித் தொலைங்க. ஒருத்தி எழுதினா இன்னொருத்தி வாய மூடிட்டுப் படிச்சுத்தானே ஆகணும்” என்றார். அன்று படகில் தோள் எலும்புதான் உடைந்தது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். படகு நாலு மாதமாகப் பட்டறையில் குப்புறக் கிடந்தது. போன வாரம்தான் பட்டறைக்காரர் நிமிர்த்தினார். பாய்மரம், பாய், சுக்கான் எல்லாம் நலம். பாயை இழுத்துப் பிடிக்கிற இழுகயிற்றைக் கட்டி வைக்கும் கிளீட் இருந்த இடத்தில் மட்டும் தளப் பலகை ஊறி உப்பியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்துவிட்டார். இனி அதில் ஓட்டை போட வேண்டும். அதற்கு முன் என்ன கிளீட், எங்கே, எந்தக் கோணத்தில் என்று நாம் சொல்ல வேண்டும். “மேடம், ஓட்டை போட்டா போட்டதுதான். அப்புறம் அண்ணி வேணாங்கறாங்கன்னு வந்து நிக்காதீங்க” என்கிறார். நம் லட்சணம் பட்டறை வரைக்கும் தெரிந்திருக்கிறது.

படகுச் சாமான் கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒன்று, பழையது மாதிரியே ரெண்டு கொம்பு உள்ளது. கயிற்றை ஒரு சுற்று சுற்றி, எட்டு எட்டாகப் போட்டுக் கட்டுவது. ரெண்டாவது, பல் வெட்டிய ஒரு பள்ளம். அதில் கயிற்றை அழுத்திச் செருக வேண்டும். அசைகிற பாகம் எதுவும் இல்லாததால் பழுதாகாது, ஆனால் இறுகிவிட்டால் பிடுங்க முரட்டுக் கை வேண்டும். மூன்றாவதில் ஸ்பிரிங் வைத்த ரெண்டு பல் துண்டுகள் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் கயிற்றை இழுத்தால் கவ்விக்கொள்ளும், மேலே ஒரு தூக்குத் தூக்கினால் விட்டுவிடும். ஒரு கை போதும். முடிச்சு என்கிற பேச்சே இல்லை. கடைக்காரர் அதைப் பல் கிளீட் என்கிறார். இழுகயிற்றுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொன்று. படகுத்துறையில் நம் இடத்தை மார்ச் முப்பத்தொன்றுக்குள் புதுப்பிக்க வேண்டும். உடைமையாளர்கள் நாம் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். இடம் போய்விட்டால் படகை வைக்க வேறு போக்கிடம் இல்லை, விற்க வேண்டியதுதான். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து போட்டாயிற்று.

இப்படிக்கு,
டமாரம்
(நீங்கள் வைத்த பெயர். நாலு மாதமாக யாரும் கூப்பிடவில்லை.)

பிப்ரவரி 11

டமாரத்துக்கு,

அடித்த கோட்டைப் பார்த்தேன். நான் அந்த வார்த்தையை எழுதவே முயலவில்லை. அதனால் என் தாள் சுத்தமாக இருக்கிறது.

உன் அண்ணன் இப்போது வலது கையைக் காது வரை தூக்குகிறார். காதுக்கு மேலே போனால் ‘ஐயோ’ என்கிறார். மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் எடுக்கச் சொன்னால் மட்டும் இடுப்பிலேயே ‘ஐயோ’ வந்துவிடுகிறது. உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் இன்னும் ஆறு வாரம் என்கிறாள். இந்த ஊரில் அந்தச் சிகிச்சைக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதற்காகத்தான் ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளி வந்து குடியிருக்கிறோம், உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அல்ல. அப்படி நீ யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

கிளீட் பற்றிக் கேட்டாய். கொம்புக் கிளீட் என்ன பாவம் செய்தது? ஆறு வருடம் ஒழுங்காக வேலை செய்தது. அதில் ஸ்பிரிங் இல்லை, பல் இல்லை, மணல் புகுந்து சிக்குகிற இடமும் இல்லை. ஒரு சுற்று, ரெண்டு எட்டு, அவ்வளவுதான் அதன் பாடம். முதல் நாள் வகுப்பிலேயே பயிற்சியாளர் சொன்னார், நாம் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டோம். இழுகயிற்றில் எட்டுக்கு மேலே, கயிற்றைத் தன் அடியிலேயே மாட்டி இறுக்குகிற பூட்டு முடிச்சு போடவே கூடாது. காற்று திடீரென்று அடித்தால் ஒரே உதறலில் கயிறு போக வேண்டும், பாய் காற்றை விட வேண்டும். அன்று கயிறு போகவில்லை. எட்டுக்கு மேலே ஒரு பூட்டு இருந்தது. படகு சாய்ந்தது, உன் அண்ணன் விளிம்பில் போய் மோதினார். இதில் கிளீட் செய்த தப்பு எது?

நான் போட்டது ஒரு சுற்று, ரெண்டு எட்டு. அதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னேன். போட்டுவிட்டு முன்பக்கம் சிறிய பாயைச் சரிசெய்யப் போனேன். அப்போது பின்னால் இருந்தது நீ. மருந்துக் கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். ஒருவர் எடுத்து வைத்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு மாத்திரை வெளியே போனதில்லை. எனக்கு என் கை என்ன செய்தது என்று தெரியும்.

கயிற்றைக் கவ்வுகிற பல் எனக்குப் பிடிக்கவில்லை. கயிறு தேயும். கால் பட்டால் தானாக விட்டுவிடும். படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடவில்லை. மேசையில் கண்ணெதிரே இருக்கிறது.

அண்ணி

பிப்ரவரி 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை என் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தேன். கோபத்தில் ஒரு லென்ஸை அதிகமாகத் தேய்த்துவிட்டேன். யாரோ ஒருவர் இன்னும் ரெண்டு நாள் கண்ணாடி இல்லாமல் இருப்பார். காரணம் நீங்கள்.

முகம் பார்க்கக் கூடாது என்று போனீர்கள் என்று நான் சொல்லவில்லை. “போயிட்டாங்க” என்று மட்டும்தான் சொன்னேன். கேட்டவர்கள் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பல் கிளீட் தானாக விடும் என்றீர்கள். நேற்று நம் கயிற்றையே எடுத்துக்கொண்டு படகுச் சாமான் கடைக்குப் போனேன், பத்து மில்லி தடிமன், அதே பழைய கயிறு. வாளித் தண்ணீரில் நனைத்து, கிளீட்டில் மாட்டி, மறுமுனையில் கடைப் பையனைத் தொங்கவே விட்டுவிட்டேன். நழுவவில்லை. அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு ஒரு தூக்குத் தூக்கினேன், உடனே விட்டது. பையன் தரையில் உட்கார்ந்தான், நல்லவேளை சிரித்தான். பிளாஸ்டிக் பல் சீக்கிரம் மழுங்கும், அலுமினியம் வாங்கச் சொன்னார் கடைக்காரர். கிளீட்டைக் கப்பியின் உயரத்துக்குச் சரியாக வைத்தால்தான் கயிறு தானாகப் பல்லுக்குள் போய் உட்காருமாம். அடியில் ஒரு மரக் கட்டை கொடுத்து உயர்த்தலாம். கால் படாத இடம் என்றால் படகின் நடுவில் நீளமாக ஓடுகிற நடுக் கட்டையின் மேலே.

பாயை மேலே ஏற்றுகிற கயிற்றுக்கும், துறையில் படகைக் கட்டுகிற கயிற்றுக்கும் உங்கள் கொம்புக் கிளீட்டே இருக்கட்டும். அங்கே பூட்டினால் ஒன்றும் குடிமுழுகாது. பத்து மில்லி கயிற்றுக்குப் பதினாறு சென்டிமீட்டர் நீளம் வேண்டுமாம். கயிறு வருகிற திசைக்கு நேராக வைக்காமல் பதினைந்து டிகிரி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிறு தன் மேலேயே ஏறி இறுகிக்கொள்ளும். டிகிரி கணக்கு என் தொழில். அதை மட்டும் நீங்கள் சரிபார்க்க வேண்டாம்.

சரிபார்ப்பது பற்றிச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். அந்த மூன்று நாள் வெளியூர்ப் பயணம் நினைவிருக்கிறதா? வீட்டை நீங்கள் பூட்டினீர்கள். நான் சரிபார்க்கிறேன் என்று சாவியை இன்னொரு தடவை திருப்பினேன். திருப்பியது திறக்கிற பக்கம். மூன்று நாள் வீடு திறந்து கிடந்தது. அண்ணன் ஒரு வாரம் சிரித்தார். “பூட்டியிருக்குன்னு நெனச்சு திருடனே திரும்பிப் போயிருப்பான்” என்றார். அன்று தப்பு என்னுடையது, ஒத்துக்கொண்டேன். இந்தத் தடவை என்னுடையது இல்லை. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயிற்றைத் தொடவே இல்லை. வராந்தாவில் டாக்டர், நர்ஸ், ஊசி போட வந்த குழந்தை எல்லார் முன்னாலும் “நீதான் பூட்டினே” என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினீர்கள். அந்தக் கை இன்னும் எனக்கு நேரே நீட்டியபடியே இருக்கிறது.

பழைய கிளீட்டைக் கயிற்றுத் துண்டோடு அப்படியே கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாராம் பட்டறைக்காரர். படகு சாய்ந்ததும் நான் கத்தியால் அறுத்தேனே, அந்த மிச்சம். இதுவரை அதைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. அளவெடுக்க நாளைக்கு வாங்கி வருகிறேன்.

டமாரம்

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

டப்பாவைத் திறந்தேன். கிளீட்டில் முடிச்சு அன்றிருந்தபடியே இறுகிக் கிடக்கிறது. மேலே ஒரு பூட்டு இருக்கிறது. அது எதிர்ப்பக்கமாக மடிந்திருக்கிறது, கயிறு குறுக்கே ஏறி நிற்கிறது. இந்த உலகத்தில் பூட்டு முடிச்சை அப்படி மடிக்கிற ஆள் ஒரே ஒருத்திதான். வகுப்பில் பயிற்சியாளர் மூன்று தடவை திருத்தியும் மாறாத இடது கைக்காரி.

எனக்கு வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதம் என்னைக் குற்றவாளி ஆக்கினீர்கள். நானும் ஒரு கட்டத்தில், ஒருவேளை நானேதானோ என்று தூக்கம் கெட்டு யோசித்தேன். அண்ணன் வலியில் முனகுகிற சத்தம் போனில் கேட்கும்போதெல்லாம் அன்று என் கை எங்கெல்லாம் போனது என்று முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அதையெல்லாம் எனக்கு யார் திருப்பித் தரப்போகிறார்கள்?

உங்கள் கை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும் என்றீர்களே. இப்போது அந்தக் கையைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 1

உன் கடிதம் கிடைத்தது.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை.

விற்பனைக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டறைக்காரரிடம் யாரோ ஒரு பல் டாக்டர் அந்தப் படகைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். அவருக்கே கொடுத்துவிடு. என்ன கிளீட் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

துறைப் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு இனி அவசியம் இருக்காது.

அண்ணி

மார்ச் 9

அண்ணி,

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றும் சமாதானம் சொல்கிற மாதிரி இருந்தன, கிழித்துப் போட்டேன்.

உங்கள் சம்மதக் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. நீங்கள் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது எனக்கு ஆகவே இல்லை. ‘நினைவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எப்படி, பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று முடிச்சைப் படமெடுத்து அனுப்ப முடிவு செய்தேன். கடையில் லென்ஸ் பார்க்கிற உருப்பெருக்கி விளக்கின் கீழே கிளீட்டை வைத்தேன்.

மேலே உங்கள் பூட்டு. அதற்கு அடியில் கயிறு ரெண்டு எட்டாக இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. அடுத்த கொம்பில் இன்னொரு பூட்டு இருந்தது. மட்டமாக, கயிறோடு கயிறு ஒட்டி, புத்தகத்தில் படம் போட்ட மாதிரி படிந்து கிடந்தது. அது யார் கை என்று சொல்ல விளக்கே தேவையில்லை. வகுப்பில் பயிற்சியாளர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டியது என் பூட்டைத்தான்.

அடியில் இருப்பது என்னுடையது. அப்படியென்றால் முதலில் பூட்டியவள் நான்.

சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஆனால் எப்போது என்று ஊகிக்க முடிகிறது. நீங்கள் முன்பக்கம் போனீர்கள். அண்ணன் “பிஸ்கட் எங்க வச்சீங்க?” என்று கேட்டார். குனிந்து பையை எடுத்துக் கொடுத்தேன், நிமிரும்போது கை கிளீட்டுக்கு மேலே போயிருக்கும். அடுப்பு அணைத்திருக்கிறதா என்று போகிற போக்கில் குமிழைத் தொடுகிற மாதிரி ஒரு சுற்று. நீங்கள் கட்டியது போதாது என்று என் கை தானாகவே முடிவு செய்திருக்கிறது. கயிற்றைத் தொடவே இல்லை என்று ஐந்து மாதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இதைக் கண்டுபிடித்த பிறகு மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மேலே இருப்பது மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். எடுத்துப் பார்த்தேன், நன்றாகவே வந்திருந்தது. அடியில் உள்ளதை ஒரு ஊசியால் நெம்பிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் தோன்றியது. டமாரம் என்று பெயர் வைத்தீர்களே, அந்த மூன்று நாளும் அதற்கு நான் லாயக்கில்லாதவள்.

படத்தை அழித்துவிட்டேன். கிளீட்டை முடிச்சோடு இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். நீங்களே பாருங்கள். நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் சரி என்று உங்கள் கடை வழக்கம், இதுவும் அப்படியே இருக்கட்டும்.

பல் டாக்டரிடம் பேசவில்லை. சம்மதக் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. அது உங்கள் கையெழுத்து, கிழிப்பதென்றால் நீங்கள்தான் கிழிக்க வேண்டும். திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய தோளை உடைத்தவள் நான் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

டமாரம்

மார்ச் 17

அன்புள்ள டமாரத்துக்கு,

பார்சலை உன் அண்ணன்தான் வாங்கினார், அதுவும் வலது கையால். டப்பாவில் பிஸ்கட் படம் இருந்ததால் வந்த உற்சாகம். திறந்து பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. நான் உன் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

இனி நான் எழுதுவதை இடையில் நிறுத்தாமல் படி.

எனக்கு நினைவில்லை என்று எழுதினேனே, அது பொய். எனக்கு நினைவிருக்கிறது. முன்பக்கத்திலிருந்து திரும்பி வந்தேன். கிளீட்டில் உன் பூட்டு இருந்தது. இழுகயிற்றில் பூட்டு இருக்கவே கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை அவிழ்க்கத்தான் குனிந்தேன். அவிழ்த்தால் நீ கோபித்துக்கொள்வாய், உன் அண்ணன் முன்னால் ஒரு வாக்குவாதம் வரும், தேநீர் ஆறிப்போகும் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன். தளர்வாகக் கட்டியிருக்கிறாள் என்று தோன்றியது. கட்டுவதுதான் கட்டுகிறோம், ஒழுங்காக இருக்கட்டும் என்று மேலே இன்னொன்று போட்டேன்.

கடையில் மருந்துச் சீட்டு தப்பாக இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தப்பின் மேல் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். ஒரு பூட்டு மட்டும் என்றால் உனக்கு உருவிவிட நேரம் இருந்திருக்கும். ரெண்டாவதுதான் உன் கையைக் கத்திக்குப் போக வைத்தது.

வராந்தாவிலிருந்து அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் என் கையால் இப்படி ஆனார் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். அதனால் யாரும் சொல்வதற்கு முன்னால் உன்னைக் காட்டினேன். நீ பூட்டினாய் என்றது உண்மைதான். பாதி உண்மை. அதை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். நீ தொடவே இல்லை என்று சொல்லச் சொல்ல, பார் எப்படிப் பொய் சொல்கிறாள் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உனக்கு உண்மையிலேயே நினைவில்லை என்று உன் கடிதம் வரும் வரை எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு.

இதையெல்லாம் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் டப்பாவின் அடியில் பிஸ்கட் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, “தெரியுமே” என்றார்.

“என்ன தெரியும்?”

“மொதல்ல அவ போட்டா. அப்புறம் நீ வந்து போட்ட. நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன்.”

“பாத்துட்டா சும்மா இருந்தீங்க?”

“தப்புன்னு எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு பேரும் பாத்துப் பாத்துக் கட்டுறாங்க, கெட்டியா இருக்கும்னு நிம்மதியா சாஞ்சு உக்காந்தேன்.”

“அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? அஞ்சு மாசம்!”

“யார் பேரைச் சொன்னாலும் எனக்கு ஒரு வீட்ல சோறு கெடைக்காது. ரெண்டு பேரையும் சொன்னா ரெண்டு வீட்லயும் கெடைக்காது. அதான் எழுதச் சொன்னேன்.”

எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று முறைத்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடுத்த நிமிடமே அழுகையும் வந்துவிட்டது. அவர் உட்கார்ந்தபடியே வலது கையை என் தோளில் போட்டார். காதுக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டியிருந்தது, ‘ஐயோ’ சொல்லவில்லை.

இப்போது கிளீட். இழுகயிற்றுக்கு நீ சொன்ன பல் கிளீட்டே போடு, அலுமினியம். நீ கடைப் பையனைத் தொங்கவிட்டதால் நான் மாறவில்லை. அதில் ஒருத்தி மாட்டியதற்கு மேல் இன்னொருத்தி எதுவும் சேர்க்க முடியாது என்பதால் மாறினேன். பாய் ஏற்றுகிற கயிற்றுக்கும் துறைக் கயிற்றுக்கும் கொம்பு உள்ளது. பலகைக்கு அடியில் பெரிய உலோகத் தகடு வைக்கச் சொல், வெறும் நட்டு மட்டும் வைத்தால் இழுக்கிற பாரத்தில் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

உன் கிளீட்டை அதே டப்பாவில் திருப்பி அனுப்புகிறேன். மேலே இருந்த என் பூட்டை அவிழ்த்துவிட்டேன். உப்பும் வெயிலும் சேர்ந்து கல்லாகியிருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டு, பின்னல் ஊசியால் நெம்பி, மூன்று சாயங்காலம் ஆயிற்று. அடியில் இருக்கிற உன்னுடையதைத் தொடவில்லை. அதை நீயே அவிழ்த்துக்கொள்.

சம்மதக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். துறைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், மேலேயே இருக்கும்.

அண்ணி

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் துறை அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. அங்கே இருந்தவர் ரெண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு இடது கையா?” என்று கேட்டார். பெருமையாக ஆமாம் என்றேன்.

என் பூட்டை அவிழ்த்துவிட்டேன். உங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது, எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுடையது அதை இறுக்கி வைத்திருந்திருக்கிறது, அது போனதும் தானாகவே தளர்ந்துவிட்டது. அதன் அடியில் உங்கள் ரெண்டு எட்டும் இருந்தன. அவை விரல் பட்டதுமே அவிழ்ந்தன. நீங்கள் முதலில் கட்டியது சரியாகத்தான் இருந்தது, அண்ணி. அதை அப்படியே விட்டிருந்தால் போதும். கொஞ்ச நேரம் வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்ச் சுத்தியலைத் தேடினார், சுத்தியல் அவர் கையிலேயே இருந்தது.

பல் கிளீட் நடுக் கட்டையில் பொருத்தியாயிற்று. நல்ல இறுக்கம், நல்ல விடுதல். புதிதாகக் கொம்புக் கிளீட் ஒன்றுதான் வாங்கினேன், துறைக் கயிற்றுக்கு. பாய் ஏற்றுகிற கயிற்றுக்கு நம் பழையதையே போட்டுவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை, நீங்கள் சொன்ன மாதிரி அது ஒரு பாவமும் செய்யவில்லை. அடியில் தகடு வைத்திருக்கிறது. பதினைந்து டிகிரி திருப்பியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்குகிறார்கள். அண்ணனுக்கு இடம் பாய்மரத்துக்குப் பக்கத்தில், எந்தக் கயிறும் எட்டாத தூரத்தில். பிஸ்கட்டை அவர் மடியிலேயே வைத்துவிடலாம்.

கிளீட்டின் நாலு நட்டையும் நானே முறுக்கினேன். கெட்டியாக இருக்கிறது, நீங்கள் சரிபார்க்க வேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

வந்து ஒரு தடவை சரிபாருங்கள்.

டமாரம்